பாரிஸ் இசைக்காரருக்கு ஒரு துட்டி

பாளையங்கோட்டையில் எங்கள் இசை ரசிகர் மன்றத்துக்கு மாதம் ஒரு கூட்டம். போன முறை வந்தது ஐந்து பேர்; அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இந்த முறையும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் மன்றத்தையே மூடிவிடலாம் என்று செயலாளர் அண்ணாச்சி சொல்லிவிட்டார். பேசப்போவது நான். விடுவேனா?

என் ஆள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸைக் கலக்கிய ஆப்பரா இசையமைப்பாளர். ஆப்பரா என்றால் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம். மின்விளக்கால் மேடையில் சூரியனையே உதிக்க வைத்த மனுஷன். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால், அது என்ன மாத்திரை என்று கேட்கிறார் என் வீட்டுக்காரர்.

ஆள் சேர்க்க ஒரு ஃபிளெக்ஸ் போர்டு வைக்கலாம் என்று கடையில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படம், பிறந்த வருஷம், இறந்த வருஷம், இடம், நேரம், என் பெயர் எல்லாம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். கடைக்காரரைச் சொல்லியும் குற்றமில்லை. பெரியவர் படமும் இரண்டு வருஷமும் வந்தால் எங்கள் ஊரில் அது ஒன்றுக்குத்தானே! மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘துயரத்துடன்’ என்று என் பெயர். தெருமுனையில் கட்டியும் விட்டார். எந்த வருஷம் என்று யார் பார்த்தார்கள்?

சாயங்காலம் மண்டபத்துக்குள் நுழைந்தால் நாற்காலிகள் நிறைந்திருக்கின்றன. அத்தனையும் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க வந்த கூட்டம், கையில் மாலையோடு. வெள்ளைக்காரச் சம்பந்தம் இருப்பதைச் சொல்லவே இல்லையே என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருத்தம் வேறு. எனக்கு மானம் போயிற்று. மைக்கைப் பிடித்து, இவர் எங்கள் சொந்தக்காரர் இல்லை, இறந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று உடைத்துச் சொன்னேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. துட்டிக்கு வந்துவிட்டு உட்கார்ந்த சூட்டோடு எழுந்து போவார்களா?

“செத்தவரு செத்தவருதான. சொல்லுங்க டீச்சர், கேப்போம்” என்றார் முன்வரிசைப் பெரியவர்.

சொன்னேன். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று பயந்து, உடம்பில் மணி கட்டி நாலு நாள் பார்க்கச் சொல்லி எழுதிவைத்திருந்தார் என்றதும், விவரமான ஆள்தான் என்று தலையாட்டினார்கள். கடைசி ஆப்பராவை இருபது வருஷத்துக்கு மேல் இழைத்து இழைத்துச் செய்து, ஒத்திகைக்கு முன்னாலேயே கண்ணை மூடிவிட்டார்; அடுத்த வருஷம்தான் அது மேடையேறி ஊரே திரண்டது என்றேன். அதிலிருந்து ஒரு பாட்டைப் போட்டேன். அந்தக் காலத்துப் பாரிஸில் கூலிக்குக் கைதட்டவே ஆள் உண்டு. இங்கே ஒருவரும் தட்டவில்லை, ஆனால் ஒருவரும் அசையவும் இல்லை.

பாட்டு முடிந்ததும், துட்டி வீட்டு வழக்கப்படி, போய்வருகிறேன் என்று சொல்லாமல் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். செயலாளர் அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். மன்றத்தை மூடுகிற பேச்சே இல்லை என்றவர், என் காதருகே வந்து, “அடுத்த மாசம் யாரு டீச்சர் சாகுறா?” என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் கடைசி நாடகத்துக்கு அம்புட்டுக் கூட்டம் வந்தத அவரு பாக்கவே இல்லியா?”

இல்லை என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக அவரைப் பற்றிப் படிக்கிறேன், பேசுகிறேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. அன்றைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.