சூடான கை

கடலூர், சிதம்பரம் என்று அலைந்து, வயிற்றுக் கட்டியோடு இருந்த தங்கச்சியை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். ஜூனியர் டாக்டர்களுக்குப் பாடம் எடுக்கும் பெரிய டாக்டர் தினமும் அவள் கட்டிலுக்கு வருவார். வெள்ளை மீசை, பளபளக்கும் ஷூ. தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு ஜூனியர்கள் ஒவ்வொருவராக அவள் வயிற்றை அமுக்குவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

“அந்தப் புள்ளயால வலி தாங்க முடியல சார். ஊசி எப்ப போடுவீங்க?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“ஊசி போட்டா கட்டி வத்திடும்ப்பா. திங்கக்கெழம அடுத்த பேட்ச் வருது, அவுங்க எதத் தொட்டுப் பாப்பாங்க? அபூர்வமான கேஸு. ஒன் தங்கச்சிதான் இப்ப இங்க ஸ்டாரு!”

ஜூனியர்கள் சிரித்தார்கள்.

திங்கட்கிழமையும் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டார். அந்தக் கை சில்லென்று இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.