தலைப்பில் ஒரு சொல்

வியன்னாவின் யூதர் சந்தையில் மீன் விற்ற சீசலின் மகள் ஃப்ரூமே. அவள் சந்தைப் பெண்களின் வசவுகளை மூன்று வருடம் சேகரித்து, ஜெர்மனைப் போல ஒலிக்கும் தங்கள் வீட்டு மொழியான இத்திஷைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினாள். 1927இல் ஜெர்மன் துறைப் பேராசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேலை அருமைம்மா. தலைப்புல 'மொழி'ங்கிறதை மட்டும் 'கொச்சை ஜெர்மன்'னு மாத்திடுங்க, பட்டம் உங்களுக்குத்தான்."

"மாத்த மாட்டேன் ஐயா."

செய்தி கேட்ட சீசல், கெண்டை மீனுக்குச் செதில் சுரண்டியபடியே திட்டினாள். "ஒரு வார்த்தைக்காகப் பட்டத்தை விடுவாளா ஒருத்தி? உனக்கு நூறு மாமியார் வாய்க்கட்டும், ஒருத்திக்கும் காது கேக்காமப் போகட்டும்."

"இதையே ஜெர்மன்ல திட்டு பாக்கலாம்."

சீசல் கத்தியை நிறுத்தி யோசித்தாள். "அதுல திட்டினா விண்ணப்பம் எழுதுற மாதிரி இருக்கும்டி. நம்ம மொழியிலதான் உறைக்கும்."

"பாத்தியா, நீயே மொழின்னுதான் சொல்றே."

ஃப்ரூமே தலைப்பை மாற்றாமல் இன்னும் மூன்று முறை ஆய்வேட்டைக் கொடுத்தாள். மூன்று முறையும் திரும்பி வந்தது. பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவள் மீன்கடை மாடியில் இத்திஷ் வகுப்பைத் தொடங்கினாள். முதல் நாள் வந்த பதினொரு பேரில் நான்கு பேர் அந்தப் பேராசிரியரின் மாணவர்கள்.