சாமி முன்னால வச்ச துப்பாக்கி

துப்பாக்கிக்கு எதுக்குய்யா சந்தனம்? சாமி வந்து கேட்டுச்சா? ஆயுத பூஜைன்னு யாராவது வாயெடுத்தாலே எனக்கு அடிவயிறு எரியும். என் சம்சாரம் உயிரோட இருந்த வரைக்கும் இதைப் பேச முடியல. இப்ப அவ இல்ல, பேசுறேன்.

எழுபதுகள்ல எங்க எஸ்டேட்டுல துப்பாக்கி வச்சிருந்த ஒரே தொழிலாளி நான்தான். ரெட்டைக் குழல் ரைபிள். பக்கத்து ஊரு பிரிஞ்சாங்குல முட்டைக்கோஸ் போட்ட ஒரு சீனத் தவுக்கே, அதான் முதலாளி, தோட்டத்தை வித்துட்டுப் போகும்போது எனக்குக் கைமாத்துனது. போலீஸ் லைசன் எடுத்து முறையா வச்சிருந்தேன். தோட்டா போட்டுச் சுடுற சாதி இல்ல அது. குழல் வாய் வழியா மருந்தைக் கொட்டணும், துணி சுத்தி ஈயக்குண்டை வைக்கணும், கம்பியால இடிச்சுக் கெட்டிக்கணும். ஒவ்வொரு குழலுக்கும் பின்னால சின்னதா ஒரு முளை, அதுல ஊசி நுழையுற ஓட்டை. முளை மேல கேப்புங்கிற சின்ன வெடிமூடியை மாட்டி விசையை இழுத்தா, நெருப்பு அந்த ஓட்டை வழியாத்தான் உள்ள போயி மருந்தைப் பிடிக்கும். ஓட்டை அடைச்சுக்கிச்சுன்னா அது துப்பாக்கி இல்ல, உலக்கை.

சுட்டா தோள்ல மாடு முட்டுன மாதிரி இருக்கும். புகை அடங்குற வரைக்கும் பன்னி விழுந்துச்சா ஓடுச்சான்னு தெரியாது. சுட்ட கையோட சுடுதண்ணி ஊத்திக் கழுவலைன்னா, எங்க மலை ஈரத்துக்கு மறுநாளே துரு ஏறிரும். பெத்த பிள்ளைய மாதிரி பாத்துக்கிட்டேன். வேற எவனையும் தொட விட்டதில்ல.

அந்த வருசம் ஒரு ஒத்தைப் பன்னி, காட்டோரத்துத் தேயிலைக்குள்ள வந்து பொம்பளைங்களைத் துரத்திக்கிட்டு இருந்துச்சு. என் சம்சாரத்துக்கு அந்த மலையிலதான் கொழுந்து பறிக்கிற வேலை. தினமும் கூடையை மாட்டிக்கிட்டுப் போறப்ப, "இது என்னைக்காவது ஒருத்தியைக் கிழிக்கத்தான் போவுது"ன்னு சொல்லிட்டுத்தான் போவா. எனக்குச் சோறு இறங்காது. துரையும் கூப்பிட்டு, "பூஜை லீவு முடிஞ்சதும் அதைச் சுட்ரு"ன்னு சொல்லிட்டாரு. விடியக்காலையில அது எந்த வழியா காட்டுக்குத் திரும்புதுன்னு தடம் பாத்து வச்சிருந்தேன்.

பூஜையன்னிக்கு நான் பேக்டரியில மெசின் கழுவிக்கிட்டு இருந்தேன். கங்காணி என் வீட்டு வாசல்ல வந்து நின்னுருக்காரு. "கவாத்துக் கத்தி வருது, லாரி வருது, துப்பாக்கி மட்டும் கோயிலுக்கு வராம இருக்கலாமா?" சாமிக்குன்னு சொன்னா மறுக்கிறவளா அவ? ரெண்டு கையாலயும் எடுத்துக் குடுத்துட்டா. சாமியாவது பூதமாவது! பக்கத்து எஸ்டேட் கங்காணிங்க வந்திருந்தாங்க, அவங்க முன்னால பீத்திக்கணும். அதான் விசயம்.

சேதி தெரிஞ்சு கோயிலுக்கு ஓடினேன். கத்திங்களுக்கு நடுவுல, செவ்வந்தி மாலைக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு என் துப்பாக்கி. எடுக்கப் போனா கங்காணி கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "சாமி முன்னால வச்சதை விடியுற வரைக்கும் எடுக்கக் கூடாது தம்பி."

"போலீசுக்குத் தெரிஞ்சா என் லைசன் போயிரும்யா!"

"சாமியை விட போலீஸ் பெருசா?"

ஊரே சிரிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

விடிஞ்சும் விடியாம போயி எடுத்தேன். எந்தப் புண்ணியவானோ துடைச்சுப் பளபளன்னு வச்சிருந்தான். மருந்தை இடிச்சுக் கெட்டிச்சு, கேப் மாட்டி, காட்டோரம் போயி உக்காந்தேன். முதல்ல மருந்து போடாம வெறும் கேப் மட்டும் வெடிச்சுப் பாத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. நல்லா கேளுங்க! பன்னிக்கு என்ன காது செவிடா?

பனி விலகல, பன்னியும் நேரத்துக்கு வரல. மேல பெரட்டுல பேர் குடுத்து முடிச்சு, பொம்பளைங்க கொழுந்து பறிக்க நிரை பிடிக்கிற சத்தம் கேக்குது. அப்பதான் புதர் அசைஞ்சுது. கைக்கெட்டுற தூரம்னே சொல்லலாம், தப்பவே தப்பாது. வலது விசையை இழுத்தேன். டப்புன்னு கேப் மட்டும் வெடிச்சுது. இடது விசை. அதுவும் அப்படித்தான். சத்தத்துக்கு மிரண்ட பன்னி காட்டுப் பக்கம் போகல, மேட்டுப் பக்கம் பாஞ்சுது. நான் கத்திக்கிட்டே ஓடுறேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள என் சம்சாரத்தோட தொடையைக் கொம்புப் பல்லால கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு.

கொழுந்து லாரியில போட்டுத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கால் தப்பிச்சுரும், ஆனா இனிமே மலை ஏற முடியாதுன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து அந்த முளை ரெண்டையும் ஊசியால குத்திப் பாத்தேன். மஞ்சளா, கல்லாட்டம் காஞ்சு போன சந்தனம் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. ரெண்டு முளைக்கும் பொட்டு வச்சு அழகு பாத்திருக்கானுங்க, பாவிப் பசங்க! மேல துடைச்சானுங்க, உள்ள போனதை யாரு எடுக்குறது?

கங்காணியை வெட்டிப் போடுற வெறியில திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரு எனக்கு முன்னாலயே அங்க இருந்தாரு. ஆரஞ்சுப் பழமும் திருநீறும் கொண்டாந்து, கட்டில் பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. "இது சாமி குத்தம்மா. பொழுது நல்லா விடியுறதுக்குள்ள உம் புருசன் ஆயுதத்தை உருவிட்டுப் போயிட்டான்."

சட்டையைப் பிடிக்கக் கையைத் தூக்கிட்டேன். "யோவ், உன் சந்தனம்தான்யா..."ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு.

அவ என் கையைப் பிடிச்சா. முகமெல்லாம் வெளிறிப் போயிருந்துச்சு.

"ஏங்க, நான் எடுத்துக் குடுத்ததால ஒண்ணும் ஆகலையே?"

எஸ்டேட்டுல என் வாய்க்குப் பயப்படாதவன் கிடையாது. துரைகிட்டயே எதுத்துப் பேசுன வாய் இது. அவளைப் பாத்தேன், அந்தக் கட்டுப் போட்ட காலைப் பாத்தேன்.

"சேச்சே, நீ என்ன பண்ணுவ? கங்காணி சொல்றதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

கங்காணி தலையை ஆட்டிக்கிட்டே திருநீத்துப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டுனாரு. அவ பாத்துக்கிட்டே இருந்தா. எடுத்துப் பூசிக்கிட்டேன்.