ஸெலிபா டீச்சர் சொன்ன பாதிப் பாடம்

ஸெலிபா ஜெரே என்கிற பெயரை நகாண்டு முதன்முதலில் கேட்டது மாமனாரை அடக்கம் செய்த இடத்தில். மாமனார் என்றால் புருஷனைப் பெற்றவர் அல்ல. அவருடைய அண்ணன், மூன்றாம் தாரத்தின் ஊரிலேயே தங்கிப்போய் பிணமாகத்தான் திரும்பி வந்தவர். பெட்டியை இறக்கும் நேரத்தில் ஒரு குட்டையான பெண்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழியோரம் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இறக்காதீங்க! இந்த பெம்பாக் கிழவன் நிஜமாவே வாயை மூடிட்டானான்னு முதல்ல பாருங்க. செத்தப்புறமும் பேசுற ஜனமாச்சே!"

அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள்.

"யாருடி இவ?" என்று நகாண்டு நாத்தனாரைக் கேட்டாள்.

"புதுசா வந்த டீச்சர். ஸெலிபா ஜெரே. ங்கோனிக்காரி."

"அப்படிச் சொல்லு" என்று நகாண்டுவுக்கு மனசு ஆறியது. பெம்பாவும் ங்கோனியும் பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள். வெட்டு ஓய்ந்ததும் மிஞ்சியது கேலி முறை. முறைக்காரர் என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. ஒரு ங்கோனியாவது வந்து வம்பிழுக்காத சாவு, என்ன சாவு?

நகாண்டு, முங்விக்குப் போகும் சாலையோரப் பள்ளியில் கஞ்சி காய்ச்சுகிறவள். திங்கட்கிழமை காலை அந்த டீச்சர் நேராக அடுப்படிக்கு வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"பெம்பாக்காரி அடுப்புல குரங்கு எங்கம்மா? இன்னும் வேகலையா?"

"நீங்க கொண்டுவந்த எலி வெந்து முடியட்டும்னு காத்திருக்கேன், டீச்சர்."

அன்றிலிருந்து இரண்டு பேரும் உயிருக்கு உயிர்.

அடுப்படிக்கு எதிரே ஏழாம் வகுப்பு ஜன்னல். சமூகப் பாடத்தில் ஒரு நாள் டீச்சர் கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தார். ஒரு பக்கம் பெம்பாவைப் பற்றி ஊர் சொல்வது, மறுபக்கம் ங்கோனியைப் பற்றிச் சொல்வது. பிள்ளைகள் போட்டி போட்டுக் கத்தினார்கள். பெம்பா என்றால் குரங்கு தின்னிகள், வாயாடிகள்; ங்கோனி என்றால் எலி தின்னிகள், சண்டைக்காரர்கள்.

"சரி. வீட்டுச் சட்டியில குரங்கைப் பாத்தவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"பாத்தீங்களா? ஒரு ஜனத்தையே ஒரு வார்த்தையில அடைக்கக் கூடாது. எல்லாம் சும்மா சொல்றது."

"அப்ப நீங்க எலி தின்னதில்லையா டீச்சர்?" என்றான் சிபேஸா. நகாண்டுவின் கடைசிப் பையன் அவன்.

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அது... நல்லா வறுத்தா ருசியா இருக்கும்டா."

வகுப்பு முடிந்தும் சிரிப்பு அடங்கவில்லை. நகாண்டு கஞ்சியை அடிப்பிடிக்க விட்டாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். பிள்ளைகளின் குவளைகள் அடுப்படி ஆணிகளில் தொங்கும். அதில் ஒரு நீலக் குவளை மூன்று நாளாக இறங்கவேயில்லை. அது கெஸாவுடையது. அவள் அப்பா மிபுரோ புருண்டியிலிருந்து வந்து சாலை முக்கில் கடை வைத்திருப்பவர்.

"அந்தப் பொண்ணு ஏன்டா வரல?" என்று மகனைக் கேட்டாள்.

"தெரியாதும்மா. நாங்க கேலிதான் பண்ணோம். 'மணல் உப்பு, மணல் உப்பு'ன்னு. வெளியூர்க் கடைக்காரங்க உப்புல மணல் கலப்பாங்களாமே."

"அவ திருப்பி என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அவளுக்கு முறை தெரியாது."

நகாண்டு கையில் இருந்த கஞ்சி கிண்டும் துடுப்போடு வகுப்புக்குள் போய்விட்டாள். எல்லாவற்றையும் கேட்ட டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து சாக்குக்கட்டியை ஒடித்து ஒடித்துத் தூளாக்கினார்.

"நாம ரெண்டு பேரும் முறைக்காரங்க. நீங்க ஒண்ணு சொன்னா நான் ரெண்டு சொல்வேன். அந்தப் புள்ளைக்கு இங்க யாரு முறை? திருப்பிச் சொல்ல முடியாதவளைச் சொன்னா அது கேலியா? பாதிப் பாடத்தைச் சொல்லிட்டு மணியடிச்சதும் எந்திரிச்சு வந்துட்டேனே!" என்றார் டீச்சர்.

சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனார்கள். மிபுரோ மரியாதையாக முக்காலி போட்டார். ஆனால் பேச்சு முடிந்த பேச்சாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கசாமாவுல அவ அத்தைகிட்ட விட்டுடப் போறேன், டீச்சர். அங்க கடையில நிக்கட்டும். படிச்சது போதும்."

பரீட்சைக்கு இரண்டே மாதம். வகுப்பில் கணக்கைக் கடைசி வரி வரை போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு" என்றார் டீச்சர். "கெஸா, இங்க வா. இன்னியிலேருந்து நான் உனக்கு முறைக்காரி. என்னைத் திட்டு."

மிபுரோ பதறினார். "ஐயோ, டீச்சரையா!"

"திட்டும்மா" என்று நகாண்டு ஊக்கினாள். "கோவிச்சா அவங்கதான் தோத்தாங்க."

பெண் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் நின்று டீச்சரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "டீச்சர் கடைக்கு வந்தா, யாரும் பாக்காதப்ப மூட்டை ஓரத்துல சர்க்கரையை விரலால தொட்டு நக்குவாங்க. எலியைத் தின்னு தின்னு புத்தியும் எலிப் புத்தியாயிடுச்சு."

மிபுரோ கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் போட்ட கூச்சலில் சாலையில் போன சைக்கிள்காரர்கள் இறங்கிவிட்டார்கள். "அடியே! என் பொறந்த ஊர்லகூட என்னை இப்படி ஒருத்தி சொன்னதில்ல!" என்று நகாண்டுவின் தோளில் விழுந்து விழுந்து சிரித்தார். விரலில் அப்போதும் சர்க்கரை ஒட்டியிருந்தது.

அப்பனுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன். ஒரு நாள் பாக்கறேன், அவ்வளவுதான்" என்றார்.

திங்கட்கிழமை டீச்சர் சிபேஸாவை முன்னால் நிற்க வைத்து, "நீ சொன்னதைச் சொல்லு. அப்புறம் அவ சொல்லுவா. காதை மூடக் கூடாது" என்றார். அவன் மணல் உப்பு என்று முனகினான்.

"மணல் உண்டு" என்றாள் கெஸா. "சிபேஸா காலைக் கழுவாமலே கடைக்குள்ள வர்றான். வேற எங்கேருந்து வரும்?"

அடுப்படியிலிருந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நகாண்டு. மகன் அவளை முறைத்தான். மத்தியானம் நீலக் குவளையில் அவளே கஞ்சி ஊற்றினாள், ஒரு கரண்டி கூடவே. அந்த வருஷம் பரீட்சையில் கெஸா முதலாவதாக வந்தாள். சிபேஸா கடைசிக்கு முந்தினவனாக வந்தான்.

அதற்குப் பிறகும் டீச்சர் பதினோரு வருஷம் அங்கே பாடம் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் கோடு கிழிக்கும் முன்னால், "இந்த வகுப்புல முறைக்காரங்க இல்லாதவங்க யாரு?" என்று கேட்டுவிடுவார். கை தூக்கிய பிள்ளைக்கெல்லாம் அவரே முறைக்காரி.

ஸெலிபா ஜெரே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது ங்கோனி ஊரான சிபாட்டாவில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார்.