வட்டியில்லாத முன்பணம்

அல்லாஹ் என் வீட்டுக்குச் செய்ததை என் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். முழு மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. அதையும் மறைக்கவில்லை.

ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. ஆனி மாதம். எங்கள் மகள் ஹாஜிராவுக்கு இரண்டு வயது. காய்ச்சல் என்று படுத்தவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் விறைத்துப் போனாள். காஞ்சிபுரம் டாக்டர் காலையில் பார்த்துவிட்டு, "மூளைக்காய்ச்சல்மா. இன்னிக்கே மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போங்க. மருந்து வெளியிலதான் வாங்கணும், கையில பணம் வெச்சுக்கோங்க" என்றார்.

என் நகைகள் முந்தின வருஷமே விற்றுப்போயிருந்தன. என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நெசவு முதலாளிகள் நூல் கொடுப்பார்கள். இவர் சாயமேற்றிக் கொடுத்துக் கூலி வாங்குவார். அவர்களில் ஒருவரிடம் ஓடினார். திரும்பி வந்தபோதுதான் முகத்தில் உயிர் இருந்தது.

"பணம் தரேன்னுட்டாரு ஜைனபு. வட்டியே வாணாமாம். அவரு பட்டுக்கு மட்டும்தான் சாயம் போடணும். கடன் தீர்ற வரிக்கும் கூலியில கொஞ்சம் கொறைச்சுக்குவாராம். அவ்ளோதான்."

இந்த ஊரில் தறிக்காரரும் சாயக்காரரும் இப்படித்தான் முன்பணம் வாங்குகிறார்கள். யாரும் அதை வட்டி என்பதில்லை. நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினேன். கட்டும்போதே மனம் உறுத்தியது. பள்ளிப்படிப்போடு மார்க்கச் சட்டத்தில் கொடுக்கல் வாங்கல் பாடமும் படித்தவள் நான். கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காட்டி ஓர் ஆதாயத்தை நிபந்தனையாக்கினால், பெயர் எதுவானாலும் அது மார்க்கம் விலக்கிய வட்டிதான். குறைத்த கூலி யாருக்கு ஆதாயம்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இப்ப வந்து சொல்றியே" என்றார். பிறகு எழுந்து பள்ளிவாசல் இமாமிடம் போனார். இமாம் சொன்னதும் அதுதான். கடன் என்றால் கொடுத்ததை மட்டுமே திரும்ப வாங்கலாம். கூலி என்றால் எவ்வளவு வேலை, என்ன கூலி என்று பேசி முழுவதையும் முன்னதாகவே கொடுக்கலாம். வேலை முடிந்ததும் இருவரும் விடுதலை. கடனைக் கொண்டு கூலியைக் குறைக்கக் கூடாது.

"வேற வழியே இல்லன்னா உசுரக் காப்பாத்துங்க பாய், அல்லாஹ் மன்னிக்கிறவன். மொதல்ல மாத்திக் கேட்டுப் பாருங்க."

கேட்டார். முதலாளி கடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாராம். "புள்ள சாவக் கெடக்குது, பாய் சட்டம் பேசறாரு பாரு!"

நண்பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குள் ஹாஜிராவுக்கு வலிப்பு வந்துவிட்டது. நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்து அழுதேன். யா அல்லாஹ், என் படிப்பு என் பிள்ளையைக் கொன்றுவிடக் கூடாது. வேறு துஆ வரவில்லை. "அஸர் வரைக்கும் பாருங்க மச்சான். அப்புறம் அந்தப் பணத்தையே வாங்கிடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். என் ஈமான், என் இறைநம்பிக்கை, அவ்வளவுதான் இருந்தது.

மாலை அஸர் தொழுகையை முடித்துவிட்டு அவர் செருப்பை மாட்டும்போது வாசலில் ஒருவர் நின்றார். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் நாயுடு. அதுவரை எங்களுக்கு வேலை கொடுத்ததில்லை.

"இன்னா பாய், முன்பணம் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"அந்த ஆளே கடைத்தெருவுல சொல்லிச் சிரிச்சுக்கினு இருந்தாரு. அப்போ நீ யாருக்கும் கட்டுப்படலன்னு தெரிஞ்சுது. ஆவணி முகூர்த்தத்துக்கு எனக்கு அரக்குச் சாயம் வேணும். போட்டுக்கினு இருந்தவன் பாதியில வுட்டுட்டுப் பூட்டான்."

எவ்வளவு நூல், என்ன கூலி என்று நின்றபடியே பேசி முடித்தார்கள். மற்றவர்கள் தரும் அதே கூலி. முழுவதையும் இவர் கையில் வைத்தார். "புள்ளய ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து போடு பாய்."

முன்பணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் இவர் அந்த வேலையை ஏற்றிருக்க முடியாது. சிரித்தவரின் வாயிலிருந்தே அல்லாஹ் எங்களுக்கு உதவியை அனுப்பினான்.

ஹாஜிராவை மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு என் கணவர் சாயம் போடத் திரும்பிவிட்டார். வார்டில் நான் தனியாக இருந்தேன். பக்கத்துக் கட்டில்களில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஹாஜிரா பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடம் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

அரைநாள் முந்தி வந்திருந்தால் காது பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதிலோடுதான் ஒவ்வொரு வக்தும் தொழுகிறேன். என் கணவர் இன்றுவரை என்னைக் குறை சொல்லி ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது அவர், தன்னைக் கட்டிப்போடும் முன்பணம் எதுவும் வாங்குவதில்லை. வேலையும் கூலியும் பேசிய பிறகே நூலைத் தொடுகிறார்.

சகோதரிகளே, வட்டி இல்லை என்று யாராவது சொன்னால், எதற்குக் கட்டுப்படச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டபின் நடுக்கம் வரும். எனக்கு வந்தது. நடுங்கிக்கொண்டே அல்லாஹ்விடம் கேளுங்கள், அவன் தருவான். நாம் கேட்டது முழுவதும் அதில் இருக்கும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

நான் துஆ ஓதும்போது ஹாஜிரா என் தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள். அதிர்வு நின்றதும், முடிந்தது என்று தெரிந்து, என்னைப் போலவே தன் இரண்டு கைகளையும் முகத்தில் தடவிக்கொள்கிறாள்.