எறும்புக் காவல்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நாங்கள் இருந்தபோது, என் கைக்குழந்தைத் தம்பியை வளர்ப்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று பிள்ளைக்காம்பரா ஆயம்மாவின் கட்சி. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் தோட்டத்துக் குழந்தைகளையெல்லாம் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். மற்றது அப்பாவின் அக்காவான என் அத்தையின் கட்சி. அத்தைக்குப் பிள்ளை இல்லை. காலையிலேயே என்னையும் இழுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். மலையில் இருக்கிற கங்காணி போதாதென்று இங்கேயும் ஒன்றா என்று ஆயம்மா முணுமுணுப்பாள்.

தம்பி அப்போது இளைத்துக்கொண்டே போனான். பால் குடித்த பிறகும் அழுதான்.

பால் கொடுக்கும் நேரத்தில் அம்மா மலையிலிருந்து ஓடி வருவாள். ஆயம்மா வாசலிலேயே மறிப்பாள்.

"வெயில்ல நின்ன ஒடம்பு. சூட்டுப்பாலு குடிச்சா பிள்ளைக்கி ஆகாது. கொஞ்சம் பீச்சி விட்டுட்டு வா."

அத்தை விடமாட்டாள். "தாய்ப்பால மண்ணுல விட்டா எறும்பு திங்கும். எறும்பு தின்னா பாலு வத்திப்போகும். பிள்ளை இளைக்கிறதே அதனாலதான்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அம்மா யாரையும் எதிர்த்துப் பேசமாட்டாள். தலை குனிந்தபடி கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டு வருவாள்.

அதற்கு அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா திரும்பியதும் நான் போய், பால் விழுந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். சாம்பலில் எறும்பு ஏறாதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய டின்னில் சாம்பலை அள்ளிக்கொண்டு, தோட்டத்துத் துரையைப் போல நடந்தேன்.

ஒருநாள் அம்மா சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் குனிந்து நின்றாள். அவள் போனதும் ஓடிப் பார்த்தேன். ஈரமே இல்லை. சந்தோஷம் தாளாமல் பிள்ளைக்காம்பராவே அதிரக் கத்தினேன்.

"அத்தை! எறும்புக்கு ஒரு சொட்டுக்கூடக் கெடைக்கல! தரை காஞ்சு கெடக்கு!"

தம்பியை மடியில் வைத்திருந்த அம்மா நிமிரவில்லை. அத்தை எழுந்து போய் அம்மாவின் தலையைத் தடவினாள்.

"அழாத தாயி. நாங்க இல்லையா?"

ஆயம்மா அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அத்தையும் ஆயம்மாவும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாலையில் அப்பா கண்டி டவுனிலிருந்து பால்மா டின் ஒன்று வாங்கி வந்தார். அத்தை வெந்நீரில் கரைத்து ஆற்றிக் கொடுக்க, ஆயம்மா சங்கில் புகட்டினாள். தம்பி வயிறு நிறைந்து தூங்கினான். சண்டையும் அன்றோடு தீர்ந்தது.

எல்லாம் என் காவலால் வந்தது என்று நினைத்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஏன் அவ்வளவு அழுதாள் என்பதுதான் விளங்கவில்லை. ஜெயித்துவிட்டோமே என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.