மனையில் விழுந்த குழிகள்

யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை நான். பால் பாக்கெட்டைக்கூட ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவளின் காலி மனையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தரிச் செடிகளுக்கு நடுவே கையளவுக் குழிகள் ஐந்தாறு கிடந்தால் எப்படி இருக்கும்?

கோவில்பதாகையில் அந்த மனையை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. கணவருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, இருப்பது குவார்ட்டர்ஸில். அவர் ரிட்டயர் ஆனதும் அதைக் காலி செய்தாக வேண்டும். அதன்பிறகு எங்களுக்கென்று இருப்பது இந்த மனை மட்டும்தான். வீடு கட்டும்வரை சும்மா கிடப்பானேன் என்று கீரையும் கத்தரியும் போட்டேன். குவார்ட்டர்ஸ் மரங்கள் உதிர்க்கும் இலையைச் சாக்கில் கட்டி, ஷேர் ஆட்டோக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டே கொண்டுபோய்க் கொட்டுவேன்.

எங்கள் பக்கத்தில் காலி மனையில் குழி விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ கல் நடப் பார்க்கிறார்கள். இன்று குழி, நாளை கல், மறுநாள் வேலி. அப்புறம் நாம் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடக்க வேண்டியதுதான். யோசிக்க யோசிக்க மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் மூட்டை மூட்டையாகக் கொட்டிய இலை எங்கே போனது? மிச்சம் கிடந்த இலைக்கடியில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. எவனோ மருந்து ஊற்றியிருக்கிறான் என்று பட்டது. போன கோடையில் நாங்கள் ஊருக்குப் போய் ஒரு வாரம் தண்ணீர் விடாமல் கிடந்தும் செடிகள் வாடவில்லை. அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்தேன். மனை தன் கைவசம் இருப்பதாகக் காட்ட எவனாவது தண்ணீர் ஊற்றியிருப்பானோ?

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுக்காரர்மேல். ஐ.டி. வேலை. கட்டடம் இடித்த ரப்பீஷை லாரி லாரியாக அடித்து, மனையை இரண்டடி மேடாக்கி வீடு கட்டியிருந்தார். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று என் காதுபடவே புலம்பியவர். அவர் சிரித்தாலே எனக்குப் பகீரென்றது.

அடுத்த சந்தேகம் சொந்தக் கணவர்மேல். நம் மனை பள்ளம், நாமும் ரப்பீஷ் கொட்டிவிடலாம் என்று அவர் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது. குழிகளைப் பற்றிச் சொன்னதும், "அதுக்குத்தான் சொல்லுதேன், கொட்டி மூடிருவோம்" என்றார். லாரிக்காரரிடம் பேசியும் வைத்திருந்தார். என்னைப் பயமுறுத்த இவரே தோண்டிவிட்டு வந்திருப்பாரோ என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு விடிந்தும் விடியாததுமாகப் போய், மனையோரம் நின்ற முருங்கை மறைவில் உட்கார்ந்தேன். லுங்கி கட்டிய ஓர் ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு, களைக்கொட்டும் தகர டப்பாவுமாக நேராகக் கத்தரிக்கே வந்தார். நான் எழுந்து நின்ற வேகத்தில் டப்பாவைக் கீழே போட்டுவிட்டார். உள்ளே இருந்து மண்புழுக்கள் நெளிந்து வந்தன.

"தூண்டிலுக்குக்கா. ஏரில மீன் புடிக்க" என்றார். "சுத்தி எங்க வெட்டுனாலும் கல்லும் சிமிட்டியும்தான் கீது. உன் மண்ணுலதான் புழு கீது."

நான் நம்பவில்லை. ரப்பீஷ் கொட்டியிருந்த எதிர் மனையில் வெட்டிக் காட்டச் சொன்னேன். களைக்கொட்டு செங்கல்லில் ணங்கென்று மோதியது. என் மனையில் ஒரே வெட்டில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வேப்பிலை ஒன்று ஒரு துளைக்குள் பாதி இழுபட்டுக் கிடந்தது. இலைத் திருடர்கள் யாரென்று அப்போதுதான் விளங்கியது. அந்த வெள்ளை நூல், இலையை மக்கவைக்கும் பூஞ்சை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மக்கியதைப் புழுக்கள் தின்று கழித்த மண்தான் கோடையில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கிறது.

அதன் தலையில் போய் ரப்பீஷைக் கொட்டுவதா? வீட்டில் சண்டை போட்டேன், அழுகைகூட வந்துவிட்டது. கணவர் கடைசியில் இறங்கிவந்தார்.

"ஒரு மழை பாப்போம். தண்ணி நின்னுட்டுன்னா லாரி வந்துரும். அப்புறம் நீ பேசப்பிடாது."

ஆவணியில் ஒரு மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மழை விட்டதும் ஓடினோம். மனையில் கணுக்கால் அளவு தண்ணீர். கணவர் கைப்பேசியை எடுத்து, லாரிக்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டே நின்றார். தேடியவர் அழைக்கவில்லை. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் செடிகளின் அடியில் ஈர இலை தெரிந்தது. பக்கத்து வீட்டு மேட்டில் காரைச் சுற்றித் தேங்கியது அப்படியே நின்றது.

அந்த வீட்டுக்காரர் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். தன் சுவரோரம் முழுக்கக் குனிந்து பார்த்தார்.

"இவ்ளோ தண்ணிய எங்க விட்டீங்க? எங்க பக்கமா பைப் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

மண்ணுக்குள்தான் போனது என்றேன். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். லாரி வரவில்லை. முன்பக்கம் மட்டும் தூண் எழுப்பி, அதன்மேல் சின்னதாக ஒரு வீடு, பின்பாதி அப்படியே மண்ணாக இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் இன்னும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பிடிக்காரர் டப்பாவோடு வந்து குழி வெட்டும்போதெல்லாம், அவர் மாடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்.